இரண்டு ஷிப்டில் வந்த பேய்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டிய அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாதென்று இல்லை. நாம் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்: "யாரு வூட்டு ஆளு நீ?" பெயர், படிப்பு, வேலை எதுவும் அவருக்கு வேண்டாம். யார் வீட்டு ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். குறுக்கே வரும் மாட்டைப் பார்த்தும் அதே கேள்விதான். பேய்க்கும் அதே கேள்விதான். பேய் விஷயத்தில் அந்தக் கேள்வி என் பிழைப்பைக் காப்பாற்றியதால் அவரை எழுதியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகத்துக்கு ஆள் ஏற்றுகிறார் என்று கேள்வி. அங்கே போய் எத்தனை பேய்களுக்கு வீடு கண்டுபிடித்திருக்கிறாரோ.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை மீசை முளைத்ததும் மளிகைக் கடைக்குப் போவான். நானும் பட்டப்படிப்பு என்று கொஞ்சநாள் போக்குக் காட்டிவிட்டு அங்கேதான் வந்து சேர்ந்தேன். சென்னைக்கு முதன்முதலாக வந்த அன்று, "ஆணிக் கம்பெனி ஸ்டாப்பிங்ல இறங்கு" என்று கடைக்கு இடம் பார்த்த புரோக்கர் சொல்லியிருந்தார். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். இவர்தான் ஓட்டினார். கழுத்தில் ஈரத்துண்டு, முன்பல் இரண்டு இல்லாத வாய், வண்டி இரைச்சலை அமுக்கும் குரல். "சோடா பேக்டரி! சினிமா கொட்டாய்! மரவாடி! ஆணிக் கம்பெனி எறங்கு!" என்று கூவிக்கொண்டே வந்தார்.

இறங்கிப் பார்த்தால் கம்பெனி இல்லை. ஒரு பக்கம் பிரியாணிக் கடை, மறுபக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. "அண்ணே, கம்பெனி எங்கே?" என்று கேட்டேன்.

"அது பூடுச்சி. ரொம்ப நாளாவுது."

"அப்போ சோடா பேக்டரி?"

"அதும் பூடுச்சி."

"இல்லாததை ஏன் கூவுதீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்ன இன்னான்னு கூவறது? ஒண்ணும் இல்லாத எடம் எறங்குன்னா? எவன் எறங்குவான்? யாரு வூட்டு ஆளு நீ?"

பிற்பாடு கடை திறந்து கொஞ்சம் பழகியபின், ஸ்டாப்பிங்குக்கு என் கடைப் பெயரைச் சொல்லிக் கூவக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். விளம்பரம் ஆகுமே என்று நப்பாசை. "தொறந்து கீற கடை பேரை எவன்யா சொல்றான்? நீ ஓகோன்னு நடத்து, அப்பால இழுத்து மூடு. ஊரே சொல்லும்" என்றார். அவர் அதை வாழ்த்தாகத்தான் சொன்னார்.

பழைய ஊர்களில் மட்டும் ஏன் பேய் இருக்கிறது என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. வண்டியில் யாராவது பேய்ப் பேச்சை எடுத்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார். "புது அபார்ட்மெண்டுல பேய் கீதா? இருக்காது. அங்க லிப்டுல மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தா கூட எவனும் ஒரு வார்த்த பேச மாட்டான். உசுரோட கீறப்பவே பேசல, செத்தப்புறம் யாரைப் பாக்க வருவான்? நம்ம பக்கம் அப்டியா? தெருவுக்குத் தெரு தோஸ்து. பாதி பேச்சுல செத்துப் போயிருப்பான். மீதிய சொல்ல வர மாட்டானா?"

எண்ணூர் ரோட்டுத் திருப்பத்தில் வெள்ளைச் சேலைப் பெண் நிற்கிறாள் என்று ஒரு பேச்சு உண்டு. லாரிக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் வண்டியில் ஒருவர் அதை மயிர்க்கூச்செறியச் சொல்லிக்கொண்டு வந்தார். நம்மவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சேலை எப்டி இருந்துச்சு?" என்றார்.

"பளபளன்னு வெள்ளையா."

"அப்ப அது நம்ம பேய் இல்ல. வெளியூரு. நம்மாண்ட எவ வெள்ளைச் சேலை கட்டுவா? காலைல கட்டினா மத்தியானத்துக்குள்ள பவர் பிளாண்ட்டு சாம்பல் படிஞ்சி கலீஜாயிடும். பாவம், வழி தெரியாம வந்து நிக்குது. கேட்டு வண்டி ஏத்தி வுட்ருக்கலாம்ல?"

வண்டியில் இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு யாரும் வழி சொல்லவில்லையே என்பது அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொரு முறை நகரத்தின் தென்பக்கத்திலிருந்து மூன்று இளைஞர்கள் கேமராவும் பீப் பீப் என்று கத்தும் ஒரு கருவியுமாக வந்து, பேய் இருக்கும் இடங்களைக் காட்டச் சொன்னார்கள். இவர் உற்சாகமாக ஏற்றிக்கொண்டு போனார். மூடிய மில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முன்னால் வண்டியை நிறுத்தி, "இவரு ரேஷன் கார்டுல செத்துட்டாரு. மத்தபடி நல்லாத்தான் கீறாரு. பேட்டி எடு" என்றார். பெரியவரும் சளைக்கவில்லை. செத்தவனுக்குப் பாமாயில் கிடையாதாம் தம்பி என்று ஆரம்பித்து அவர்களை ஒரு மணிநேரம் நகரவிடவில்லை. கருவி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. திரும்பிப் போகும்போது அந்த இளைஞர்கள் பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றும், அதில் ஒருவன் இன்னமும் பெரியவருக்குப் போன் செய்கிறான் என்றும் கேள்விப்பட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். நான் வாடகைக்குப் பிடித்த இடம், அந்தப் பழைய ஆணிக் கம்பெனியில் மிஞ்சியிருந்த ஒரே கட்டடம். ஒரு காலத்தில் தொழிலாளர்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸாக இருந்ததாம். தடித்த சுவர், உயர்ந்த கூரை, சாலையைப் பார்த்த வாசல். இவ்வளவு நல்ல இடம் ஏன் சும்மா கிடக்கிறது என்று யோசிக்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. எனக்கு முன் பேக்கரி வைத்தவர் ஓடிவிட்டார். அவருக்கு முன் செல்போன் கடைக்காரரும் ஓடிவிட்டார். காரணம், உச்சிவேளையில் கட்டடத்துக்குள் விசில் சத்தம் கேட்கும். ஆள் இருக்கமாட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; இந்தப் பேய்க்கு இருட்டுகூடத் தேவைப்படவில்லை. பட்டப்பகலில், சுள்ளென்று வெயிலில், மேலே ஏறி இறங்கும் ஒரு நீண்ட விசில்.

முதல் நாளே கேட்டேன். என்னோடு ஊரிலிருந்து வந்த வேலையாள் அதே வாரத்தில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பிப் போனான். அவன் அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. பெண்கள் என் கடையைத் தாண்டி அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்று நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். துவரம்பருப்பில் வண்டு விழுந்தது.

அப்பா போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "சித்திரை பொறந்ததும் வாரேன். கடை ஓடுதான்னு கண்ணால பாப்பேன். ஓடலன்னா சாவியைக் குடுத்துட்டு, உங்க சித்தப்பா கடையில போயி பொட்டலம் மடி." சித்தப்பாவின் மொத்தக் கடையில் ஏற்கெனவே அவருடைய நான்கு மகன்கள் இருந்தார்கள். ஐந்தாவதாக நான் போனால் பொட்டலம்கூட மடிக்க விடமாட்டார்கள். எனக்கென்று ஒரு கடை என்பது என் ஒரே ஆசை. அது ஒரு விசிலால் கருகிக்கொண்டிருந்தது.

மந்திரவாதியைக் கூப்பிடலாமா என்று ஆட்டோக்காரரிடம்தான் கேட்டேன். வெற்றிலைப் பாக்கு வாங்க வண்டியை நிறுத்தியிருந்தார். பயப்படாமல் என் கடைக்கு வந்த ஒரே ஆள்.

"வெரட்டவா போற? அது யாரு வூட்டு ஆளுன்னு கேட்டியா?"

"பேய்கிட்ட எப்படிண்ணே கேக்கது?"

"பேயாண்ட ஏன் கேக்கற? ஊராண்ட கேளு. பேரு தெரியாத வரைக்கும்தான் அண்ணாச்சி பேயி. தெரிஞ்சிடுச்சின்னா மாமன், மச்சான்."

என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். தெற்கத்தி மளிகைக்காரன் என்றால் இங்கே தொட்டில் குழந்தையும் அண்ணாச்சிதான். சொன்னதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் விசாரணையை ஆரம்பித்தார். "ஆணிக் கம்பெனில மத்தியானம் விசில் அடிக்கிறவரு யாரு? உங்க வூட்டு ஆளுங்க யாராச்சும் அங்க வேல பாத்தாங்களா?"

பதில் வந்தது. ஒன்றல்ல, இரண்டு வந்தன, அதுதான் சிக்கல். முதலில் வந்தவர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா. கூடையோடு கடைக்குள் வந்து, வெயிலில் நின்ற களைப்போடு சுவரைப் பார்த்து நின்றார். விசில் கேட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வூட்டுக்காரருதான்" என்றார். அவர் கணவர் சாப்பாட்டு வேளைக்குக் கேட்டைத் தாண்டும்போதே விசில் அடிப்பாராம். அது கேட்டதும் இவர் தட்டில் சோறு போட்டுவிடுவாராம். கம்பெனி மூடிய பிறகு வேறு வேலை எதிலும் மனம் ஒட்டாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த நாள் முகத்துவாரக்குப்பத்திலிருந்து கருவாடு விற்கும் அம்மா வந்தார். விசிலைக் கேட்டார். "இது எங்க வூட்டு ஆளு. கஞ்சித் தூக்கை எடுத்துனு வான்னு, கம்பெனி கேட்டாண்ட வந்து என்னைய விசில் அடிச்சிக் கூப்புடுவாரு" என்றார். அந்த நேரம் அங்கேயே இருந்த பூக்காரம்மா பாய்ந்து வந்தார்.

"எம் புருசன் விசில் எனுக்குத் தெரியாதா?"

"உன் புருசனுக்கு விசில் வராதே! வாய்ல எந்நேரமும் வெத்தல!"

"உன் புருசன் மட்டும்? கூப்புட வாயில்லாம கல்லு வுட்டு அடிப்பான்!"

கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே சண்டை. ஊர் கூடிவிட்டது. பேய்க்குப் பயந்து இத்தனை நாள் வராதவர்கள் எல்லாரும், சண்டை பார்க்கும் ஆவலில் பயத்தை மறந்து உள்ளே வந்து நின்றார்கள். நான் தராசைப் பிடித்துக்கொண்டு திகைத்தேன். ஆட்டோக்காரர் வண்டியில் ஆட்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னா பேஜாரு இது? ஆணிக் கம்பெனில ஒத்த ஆளா வேல செஞ்சாரு? ரெண்டு பேரும் செஞ்சாங்கல்ல? அப்ப ஷிப்டு போட்டுக்குங்க. திங்கள், செவ்வா, புதன் பூக்காரம்மா வூட்டு ஆளு. வியாழன், வெள்ளி, சனி கருவாட்டம்மா வூட்டு ஆளு. ஞாயித்துக்கெழம லீவு."

"ஞாயித்துக்கெழமயும் விசில் கேக்குதே?" என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

"அது ஓவர்டைம்" என்றார்.

இரண்டு பெண்களும் யோசித்தார்கள். கம்பெனி நடந்த காலத்தில் ஷிப்டு என்ற வார்த்தைதான் அவர்கள் வீட்டில் சமையலையும் தூக்கத்தையும் நிர்ணயித்தது. அந்த வார்த்தைக்கு எதிராக அவர்களால் பேச முடியவில்லை. ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் முறையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அதற்குப் பிறகு என் கடை எப்படி ஓடியது என்று சொன்னால் கண் பட்டுவிடும். ஆணிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களின் மகள்கள், மருமகள்கள் எல்லாரும் வந்தார்கள். எங்க நைனாவுக்கு ஒரு அரை நாளாவது கொடுக்கக் கூடாதா என்று ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போட்டி நடந்தது. வந்தவர்கள் கைவீசிக்கொண்டு திரும்புவார்களா? பருப்பு, புளி, சோப்பு என்று வாங்கிப் போனார்கள். பேக்கரிக்காரர் எதைப் பார்த்து ஓடினாரோ அதைக் கேட்க என் கடையில் கூட்டம் நின்றது.

பங்குனியில் ஒருநாள் மேல் அடுக்கைத் துடைக்க ஏணியில் ஏறியபோது உண்மையைப் பார்த்தேன். கடலைப் பார்த்த சுவரில், கூரைக்குக் கீழே, பழைய இரும்புக் குழாய் ஒன்றின் வாய். வெயில் ஏறிக் கடற்காற்று ஊருக்குள் திரும்பும்போது அது விசிலடித்தது. உள்ளங்கையால் மூடினேன், நின்றது. எடுத்தேன், அடித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, இது வெளியே தெரிந்தால் கடை என்னாகும் என்ற பயமும் வந்தது.

ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "காத்துன்னு எனுக்குத் தெரியாதா?" என்றார். "எல்லா எடத்துலயும்தான் காத்தடிக்குது. இங்க மட்டும்தான் நின்னு கேக்கறாங்க."

"அவங்ககிட்ட சொல்லிர வேண்டாமா?"

"சொல்லேன். சொல்ட்டு, அதுக்குப் பதிலா நீ இன்னா குடுப்ப? சக்கரை ரெண்டு பிடி ஜாஸ்தியா போடுவியா?"

பேச்சை மாற்ற, "நீங்க யாரு வீட்டு ஆளுண்ணே? நான் கேட்டதே இல்லையே" என்றேன்.

"ராயபுரம் ஸ்டேஷன்ல மூட்டை தூக்கற ஒருத்தரு என்னைய எட்த்து வளத்தாரு. சின்ன வயசுல எவனப் பாத்தாலும் 'யாரு வூட்டுப் புள்ளடா நீ'ன்னு கேப்பான். முழிப்பேன். அதான் இப்ப நான் மொதல்ல கேட்டுடறேன்." பெரிய நகைச்சுவை சொன்னதுபோல் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் ஒரு கை பொட்டுக்கடலையை அள்ளி அவர் துண்டில் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சித்திரை பிறந்தது. சொன்னபடி அப்பா வந்தார். வந்த மறுநாள், புதன்கிழமை, நான் கொள்முதலுக்குப் போய்விட்டு முற்பகலில் திரும்பினால், அப்பா ஏணியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே இறங்குகிறார். குழாய் இருந்த இடத்தில் ஈரச் சிமெண்ட்.

"அப்பா! அதை ஏன் அடைச்சீங்க?"

"என்னல கேள்வி இது? பொந்து இருந்தா எலி வரும்லா? பக்கத்துல கட்டட வேலை நடக்கு, ஒரு சட்டி சிமெண்ட் கேட்டேன், குடுத்தானுவ. செங்கல் துண்டை வச்சு நல்லா இறுக்கி அடைச்சிருக்கேன். இனிமே ஈ கூட நுழையாது."

பேயை நம்பித்தான் கடை நடக்கிறது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? வெளியே ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓடிப்போய் ஆட்டோக்காரரிடம் சொன்னேன். வண்டிக்குள்ளிருந்து பூக்காரம்மா கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார். கூட நாலைந்து பெண்கள். எப்போதும் ஏதாவது பேசுகிற மனிதர், சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். நான் கடைக்குத் திரும்பினேன்.

பெண்கள் உள்ளே வந்து வழக்கமான இடத்தில் நின்றார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்து, சாமான் வாங்காமல் ஏன் சுவரைப் பார்க்கிறார்கள் என்று அவர்களையே பார்த்தார். காற்று திரும்பியது. வாசலில் தொங்கிய காலண்டர் தாள்கள் படபடத்தன. சுவர் பேசாமல் இருந்தது. பூக்காரம்மா கொஞ்சம் பொறுத்தார். பிறகு முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு ஆள் வராமல் காத்திருப்பவரின் முகம் அது. கடை போனால் போகிறது, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

அப்போது விசில் கேட்டது. சாலைப் பக்கத்திலிருந்து. வாய் நிறையக் காற்று, நடுநடுவே எச்சில், மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் உடைந்து இறங்கியது. முன்பல் இரண்டு இல்லாத வாய் அவ்வளவுதான் அடிக்கும். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தது.

அப்பா எழுந்து சாலையை எட்டிப் பார்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெண்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எல்லாரும் ஈரச் சிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூக்காரம்மாவின் உதடு துடித்தது, அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

"இன்னிக்கு சளி புடிச்சி கீது போல" என்றார். கடையே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்து, "பெரிய அண்ணாச்சி, அதிமதுரம் கீதா? பனங்கல்கண்டும் கொஞ்சம் குடுங்க" என்றார். மற்றவர்களும் ஆளுக்கு ஒன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் வாடிக்கையாளர் கூட்டம் புரிந்தது. அவரே எழுந்து, அவரே நிறுத்து, தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பொட்டலம் மடித்தார். மடித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்ல. நான் நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்றார்.

பூக்காரம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார். நான் வாசல்வரை பின்னாலேயே போனேன். நம்மவர் வண்டியில் உட்கார்ந்தபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, துண்டால் வண்டிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தார். பூக்காரம்மா பொட்டலத்தை அவர் மடியில் வைத்தார்.

"வாய்ல போட்டு மெல்லு. எனுக்கு இது போதும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கருவாட்டம்மா முறை. அது பாவம், ஒடஞ்சி பூடும். நாளைக்கு மட்டும் ஒழுங்கா அடி."